எடுத்துக் கொடுக்காத வரி

உப்பு டப்பாமேல் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

சர்க்கரை டப்பாமேல் ‘சர்க்கரை’. தீப்பெட்டி வைக்கும் இழுப்பறையில் ‘தீப்பெட்டி’. கேஸ் அடுப்புக்கு நேர் மேலே சுவரில், சிவப்பு மையில், ‘அணைச்சியா?’. மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள், சமையலறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வா, வா. காபிப் பொடி எங்கேன்னு கேக்காத, படிச்சுப் பார்த்து எடுத்துக்கோ. இந்த வீட்டுல எல்லாத்துக்கும் பேர் வச்சாச்சு” என்றாள் பெரியவள். “நல்லவேளை, உன் மாமா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டார். இல்லேன்னா அவர் நெத்தியிலயும் ‘புருஷன்’னு ஒட்டியிருப்பா.”

சிரிக்க வேண்டிய இடம்தான். சின்னவளுக்கு உதடு பிரியவில்லை.

ஒட்டியது பாப்பா. பேர்தான் பாப்பா. உள்ளூர்க் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள், பெரியவளின் ஒரே மகள். பாசம் அதிகமானால் அவளுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்த மறுநாளே ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒளித்து வைத்தாள், நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள், இப்போது டப்பா டப்பாவாக ஒட்டிக்கொண்டு வருகிறாள்.

அம்மாவுக்கு ஞாபகம் தப்பவில்லை. அது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள்தான் வாசலில் நிற்கிறாள்.

இந்த வீட்டை வாராவாரம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் அதற்குள் காபியைக் குடித்து முடியுங்கள்.

கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். நடுவில் ஒரு படிக்கட்டு, அதன் அடியில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, போட்டு யாரும் பார்த்ததில்லை. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தம்பி கல்லூரி வாசலில் சைக்கிள் கடை. பெரிய மருமகள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். சின்ன மருமகள் ஊர் நீச்சல் குளத்தின் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு லாக்கர் சாவி கொடுக்கிறாள்.

இது கல்லூரியை நம்பிப் பிழைக்கிற ஊர். விடுமுறை விட்டால் கடைத்தெருவில் நாய்கள் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதனால் பரீட்சை முடிந்து பிள்ளைகள் மூட்டை கட்டுவதற்கு முன்னால், ஊரும் கல்லூரியும் சேர்ந்து ஒரு வாரம் கும்மாளம் போடுவது வழக்கம். நூலகப் புல்வெளியில் சதுரங்கம், குளத்தில் நீச்சல் போட்டி, கடைக்காரர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. பேராசிரியர்கள் வருஷா வருஷம் மண்ணைக் கவ்வுவார்கள். கடைசி நாள் சாயங்காலம் கல்லூரித் திறந்தவெளி மேடையில் நாடகம்.

இந்த வருஷ நாடகத்தில் கதாநாயகி, மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டுக்காரம்மா. அந்த வேஷத்துக்கு ஆசைப்பட்டுப் போய்ப் பெயர் கொடுத்தவள் சின்னவள். துணைக்குப் போனவள் பெரியவள். டைரக்டர் இரண்டு பேரையும் படிக்கச் சொன்னார். சின்னவள் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. பெரியவளுடையது வகுப்பறைக் குரல், மைதானத்துக்கு அந்தப்பக்கம் கேட்டது. துணைக்குப் போனவளுக்கு வேஷம், ஆசைப்பட்டவளுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை.

மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி, கையில் ஒரு டார்ச், மடியில் வசனக் கட்டு. பெரியவள் ஒரு வரியை வேண்டுமென்றே நிறுத்திப் பேசுகிறாளா, மறந்துபோய் நிற்கிறாளா என்று தெரிய வேண்டுமே. அதற்கு இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காதுத் தோட்டைத் தொட்டால் வரி வேண்டும். தொடாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

போன வாரம் முழு ஒத்திகை நடந்தது, பாதி ஊர் பார்க்க வந்திருந்தது. ஆரம்பிப்பதற்கு முன்னால் கல்லூரிப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த பையன், சின்னவளைக் காட்டி, “இவங்க யாரு மேடம்?” என்று கேட்டான். பெரியவள் பவுடர் போட்டுக்கொண்டே, “இவளா? இவ சும்மா எனக்குத் துணைக்கு வந்திருக்கா” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யோசித்தே சொல்லவில்லை. அதுதான் சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கடைசிக் காட்சி. கடைசி மாணவன் பெட்டியோடு நிற்கிறான். வீட்டுக்காரம்மா சொல்ல வேண்டிய கடைசி வரி: ‘சாவியை மேஜைமேல வச்சிட்டுப் போ. கதவை நான் பூட்ட மாட்டேன்.’

பெரியவள் நின்றாள். தோட்டைத் தொட்டாள்.

சின்னவள் பார்த்தாள். வரி நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துணைக்கு வந்தவள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த நொடி நீண்டுகொண்டே போனது. பெரியவள் மறுபடியும் தோட்டைத் தொட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் பதறிப்போய் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இருட்டில் தடவித் தடவி வந்த பெரியவள், “நான் தோட்டைத் தொட்டேன்ல?” என்று கேட்டாள்.

“இல்லக்கா” என்றாள் சின்னவள். “தொடல.”

அந்த ஒரு பொய்தான் இந்த டப்பாக்களையெல்லாம் ஒட்டியது.

“என்ன அப்படியே நிக்கிற? உட்காரு” என்றாள் பெரியவள். காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சர்க்கரை அளவு சரியாக இருந்தது, சின்னவளுக்கு எவ்வளவு வேண்டுமென்று அவளுக்கு மறக்கவில்லை. “நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். இன்னிக்கு நான் மேடை ஏறப் போறதில்ல.”

“அக்கா!”

“கத்தாத, பாப்பா எழுந்துருவா. இதைக் கேளு. வரி மறக்கறது பெரிசில்ல, யாருக்கும் மறக்கும். ஆனா நான் தோட்டைத் தொட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. விரல்ல அந்தக் கல்லு பட்டதுகூட ஞாபகம் இருக்கு. நீ தொடலங்கற. செய்யாததைச் செஞ்சதா நினைக்கறேன் பாரு, அன்னிக்கே சொன்னேனே, எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவா, போய்ப் பார்த்தா எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கடைசியில என்னைப் பார்த்து ‘நர்சம்மா, என் பொண்ணு எப்போ வருவா?’ன்னு கேட்டா.”

சொல், இப்போதே சொல் என்று மனசு இடித்தது. சின்னவள் காபியை விழுங்கினாள். நாக்கு சுட்டது. வேண்டும், நன்றாகச் சுடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“உனக்குத்தான் எல்லா வரியும் தண்ணிபட்ட பாடு. எனக்குப் பதிலா நீ நடி” என்று பெரியவள் நாற்காலிமேல் கிடந்த நீலக் கோட்டை எடுத்து நீட்டினாள். அது அந்த வீட்டுக்காரம்மா போட்டுக்கொள்ளும் கோட்டு. “ஆசைப்பட்டது நீதானே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

பொய் சொல்வானேன், கோட்டைத் தொட்ட அந்தக் கணம் சின்னவளுக்கு உள்ளே ஒரு துள்ளல் துள்ளியது. அடுத்த கணமே கூசிப் போனாள். ஆனாலும் கோட்டு அவள் கையில்தான் இருந்தது, திருப்பிக் கொடுக்கவில்லை.

*

நீச்சல் குளத்தில் காலையிலிருந்தே திருவிழாக் கூட்டம். ஊருக்கும் கல்லூரிக்கும் ரிலே போட்டி. கல்லூரி அணியில் முறுக்கேறிய தோள்கள். ஊர் அணியில் மருந்துக்கடைக்காரர், தபால்காரர், இரண்டு வங்கி அதிகாரிகள். எல்லாருக்கும் முன்னால் வயிறு வந்தது, பின்னால் ஆட்கள் வந்தார்கள்.

மாமாவும் வந்தார். கண்ணாடிக்கடை முதலாளி நீச்சல் கண்ணாடியை வாசலிலேயே மாட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து வரிசையில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்ன மாமா, இங்கேருந்தே நீந்தப் போறீங்களா?” என்று சாவியை நீட்டினாள் சின்னவள்.

அவர் சாவியை வாங்கவில்லை. கூட்டம் உள்ளே போகும்வரை பொறுத்தார். பிறகு முன்னறை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட வேலையை விடறேன்னு சொல்லப் போறாளாம்மா.”

சின்னவள் நீட்டிய சாவியைக் கீழே வைத்தாள். “யாரு... அக்காவா?”

“வேற யாரு? ‘ஒரு பிள்ளையோட மார்க்கை மாத்திப் போட்டுட்டா என்ன பண்றது, ஒரு டூர் கூட்டிட்டுப் போய் ஒரு பிள்ளையை எண்ண மறந்துட்டா என்ன பண்றது’ன்னு கேக்கறா. டாக்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னேன். ‘எங்கம்மாவுக்கு எத்தனை டாக்டரைப் பார்த்தோம்’னு வாயை அடைச்சிட்டா. அவளுக்கு அந்த வகுப்பறையை விட்டா என்னம்மா இருக்கு? என் கடையில வந்து உட்கார்ந்து ஃபிரேம் துடைக்கப் போறாளா?”

அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ரப்பர் விளிம்புக்குள்ளே தண்ணீர் கோத்திருந்தது. இன்னும் குளத்தில் இறங்காத மனிதர்.

சின்னவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் வராது.

“மாமா, அன்னிக்கு நடந்ததுக்கு அக்கா காரணம் இல்ல. தப்பு என் மேலதான்.”

மாமா அவளையே பார்த்தார். பிறகு கம்பிக்குள் கையை விட்டு அவள் கைமேல் தட்டிக் கொடுத்தார்.

“நீ இப்படிச் சொல்வேன்னு அவ முன்னாடியே சொல்லிட்டா. ‘அவ பாவம், என் குறையைத் தன் தலையில போட்டுக்கப் பார்ப்பா, நீங்க நம்பாதீங்க’ன்னா. உன்னை மாதிரி ஓர்ப்படி யாருக்கும்மா வாய்க்கும்?”

“இல்ல மாமா, நான் நிஜமாவே...”

உள்ளே விசில் ஊதினார்கள். ஊர் அணியில் ஆள் குறைகிறது என்று மருந்துக்கடைக்காரர் ஈரத் துண்டோடு ஓடிவந்து மாமாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் குளத்தில் பெரிய சத்தத்தோடு எதுவோ விழுந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். கல்லூரி அணி எப்போதோ கரை ஏறித் தலை துவட்டிக்கொண்டிருக்க, மாமா மட்டும் மூச்சு வாங்க வாங்க நீந்திக்கொண்டே இருந்தார். இரண்டு அணியும் சேர்ந்து அவருக்குக் கை தட்டின.

சின்னவள் சாவிகளை வரிசையாக ஆணியில் மாட்டினாள். அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனிதர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சொல்வதென்றால் பெரியவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவு மத்தியானம் வரை திடமாக இருந்தது. மத்தியானத்துக்குமேல், நாடகம் முடிந்த பிறகு சொன்னால் என்ன என்று கொஞ்சம் இளகியது.

*

சாயங்காலம் கல்லூரி மைதானம் நிரம்பிவிட்டது. புல்வெளியில் சதுரங்கக் கடைசி ஆட்டம் இன்னும் முடியவில்லை. கயிறு இழுத்துத் தோற்ற பேராசிரியர்கள் உள்ளங்கையில் களிம்பு தடவிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டைரக்டர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். எந்தக் காட்சி முடிந்தாலும் ‘இன்னொருதரம்’ என்று சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. சின்னவளை நீலக் கோட்டில் பார்த்ததும், “என்னது, டீச்சர் வரலையா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எனக்கு உடம்பு சரியில்ல சார். இவளுக்கு எல்லாம் மனப்பாடம்” என்றாள் பின்னாலேயே வந்த பெரியவள்.

“குரல்?”

“முன்னால புதுசா மைக் நட்டிருக்கீங்களே சார். அது எதுக்கு, காக்கா உட்காரவா?”

‘இன்னொருதரம்’ அவளை ஒரு வரி சொல்லச் சொன்னார். சின்னவள் சொன்னாள். அவள் குரல் மைதானத்தைச் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. தன் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பேராசிரியர் முகம் மலர்ந்தது.

“அட! ஆனா, வசனம் யார் எடுத்துக் கொடுக்கிறது?”

“நான்தான்” என்று பெரியவள் டார்ச்சை எடுத்துக்கொண்டாள். “பார்த்துப் படிக்க இன்னும் மறக்கல.”

சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சின்னவள் உட்கார்ந்த அதே நாற்காலி. தட்டியோரமாகக் காலை மடக்கி இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். “இவ்வளவு குறுகலான இடத்திலயா தினமும் உட்கார்ந்திருந்த? சொல்லவே இல்லையே” என்றாள்.

விளக்குகள் எரிந்தன.

முதல் பாதியை நன்றாகத்தான் செய்தாள், குறை சொல்ல முடியாது. வாடகை அறைக்கு வந்த பையன்களை மிரட்டினாள், கூட்டம் சிரித்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்தபோது அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள், கூட்டம் அடங்கியது. மேலே மேலே போனாள். ஒரு கட்டத்தில் பக்கத் தட்டியையே மறந்துவிட்டாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு சாதாரண வரி. பையனைப் பார்த்து, ‘உன் வீட்டுல உன்னைத் தேட மாட்டாங்களா?’ என்று கேட்க வேண்டும். சின்னவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது.

முன்னால் அவ்வளவு தலைகள், எல்லாம் அவளையே பார்த்தன. கை தானாகக் காதுக்குப் போனது.

விரல் தோட்டில் படுவதற்கு முன்னாலேயே, “உன் வீட்டுல உன்னைத் தேட மாட்டாங்களா?” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய, தெளிவான, அவசரமில்லாத குரல்.

சின்னவள் வரியைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். டார்ச் எரியவில்லை. வசனக் கட்டு மூடி மடியில் கிடந்தது. பெரியவள் இருட்டில் முன்னால் சாய்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தடுமாறிவிடுவாளோ என்ற கவலையோடு.

இப்படி அல்லவா எடுத்துக் கொடுக்க வேண்டும்! சின்னவளுக்கு அந்த மேடையிலேயே அழுகை முட்டியது. கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்துக்கொண்டது.

இடைவேளை மணி அடித்தது.

“பயந்துட்டியா?” என்று பெரியவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “நான்தான் இருக்கேன்ல? தைரியமாப் பண்ணு, பிரமாதமா...”

“அக்கா, நீங்க தொட்டீங்க.”

“என்னத்தை?”

“தோட்டை. அன்னிக்கு. ரெண்டு தரம் தொட்டீங்க. நான் பார்த்தேன்.”

பெரியவள் பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள். மேடையில் பையன்கள் கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“தொட்டேனா?”

“தொட்டீங்க.”

“ரெண்டு தரமா?” பெரியவள் முகம் மெதுவாக வெளுத்து, பிறகு சிவந்தது. அப்படியே பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு. “தொட்டேன்ல? அந்தக் கல்லு விரல்ல பட்டுதே! நான்தான் சொன்னேனே... அப்போ எனக்கு ஒண்ணும் இல்லடி. நான் நல்லாத்தான் இருக்கேன்!”

சின்னவளும் அழுதாள். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை பாதியில் நின்றது.

“நீ பார்த்த.”

“ஆமாக்கா.”

“பார்த்துட்டு, வரி தெரிஞ்சும் சொல்லல.”

“...ஆமா.”

“அது சரி, ஏதோ கோபம். நான்கூட உன்னை ஏதாவது சொல்லியிருப்பேன்.” குரல் இறங்கிவிட்டது. “ஆனா அப்புறம் வந்து கேட்டேனே. இருட்டுல உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேனே. அப்பவும் இல்லேன்ன. மறுநாள் எங்கம்மா கதையைச் சொல்லி உன் மடியில படுத்து அழுதேன். அப்பவும் பேசாம இருந்த.”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வந்து நின்றது. அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“காலையில அந்த உப்பு டப்பாவைப் பார்த்தியே. அப்பவாவது?”

இரண்டாவது மணி அடித்தது. “ரெடியா? ரெடியா?” என்று ‘இன்னொருதரம்’ ஓடிவந்தார்.

பெரியவள் எழுந்தாள். “கோட்டைக் கழட்டு” என்றாள்.

“டீச்சர், என்ன இது, பாதி நாடகத்துல ஆள் மாத்தினா ஜனங்க...”

“கண்ணு தெரியாதவங்க யாராவது இருந்தா என் வீட்டுக்காரர் கடைக்கு அனுப்புங்க சார்.” சின்னவள் கழற்றிக் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, பெரியவள் விளக்குக்குள் நடந்தாள்.

கூட்டம் முதலில் சலசலத்தது. டீச்சரை அடையாளம் கண்டதும் அவளிடம் படித்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அதன்பிறகு யாரும் அசையவில்லை. பெரியவள் அன்றைக்கு நடித்ததை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒத்திகைகளில் பாட்டுப் போல ஒப்பித்த வரிகள் எல்லாம் இப்போது நெஞ்சிலிருந்து வந்தன. பக்கத் தட்டிக்குப் பின்னால், குறுகலான நாற்காலியில், சின்னவள் டார்ச்சை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கூடவே போனாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

கடைசிக் காட்சி. பையன் பெட்டியோடு நின்றான். பெரியவள் நின்றாள்.

நின்று, மெதுவாகத் தலையைத் திருப்பி, நேராகத் தட்டியைப் பார்த்து, தோட்டைத் தொட்டாள்.

“சாவியை மேஜைமேல வச்சிட்டுப் போ, கதவை நான் பூட்ட மாட்டேன்!” சின்னவள் கத்தியேவிட்டாள். மூன்றாம் வரிசையைத் தாண்டாத அந்தக் குரல் மைக் இல்லாமலே மைதானத்தைத் தாண்டியது. முன்வரிசைப் பேராசிரியர்கள் சிரித்தார்கள்.

பெரியவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். பிறகு பையன் பக்கம் திரும்பினாள்.

“சாவியை மேஜைமேல வச்சிட்டுப் போ” என்றாள். “கதவை நான் பூட்டிக்கறேன்.”

விளக்கு அணைந்தது. ‘இன்னொருதரம்’ தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, “போச்சு, கடைசி வரி போச்சு!” என்று புலம்பியது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நாடகமே அப்படித்தான் முடிகிறது என்று ஊர் எழுந்து நின்று தட்டியது.

முதலில் ஓடிவந்தவள் பாப்பா. பின்னால், இன்னும் தலை உலராமல், மாமா.

“அம்மா! எவ்வளவு நல்லாப் பண்ணின!” என்று கட்டிக்கொண்ட பாப்பா, சட்டென்று விலகி அம்மா முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ஒத்திகை பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த வரி தெரியும். கண்ணில் பழைய கலவரம் வந்துவிட்டது. “ஆனா கடைசி வரி... சித்தி எடுத்துக் கொடுத்தும் மாத்திச் சொல்லிட்டியேம்மா. மறந்துட்டியா?”

மாமா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். “பரவாயில்ல, பரவாயில்ல, செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட...”

“மறக்கல” என்றாள் பெரியவள். “மாத்தினேன்.”

“ஏன்?”

“உன் சித்தியைக் கேளு.”

அவ்வளவுதான் சொன்னாள். கோட்டைக் கழற்றி, பட்டன் பட்டனாகப் போட்டு, மடிக்க ஆரம்பித்தாள்.

பாப்பா திரும்பினாள். மாமாவும் திரும்பினார். காலையில் கம்பிக்குள் கையை விட்டுத் தட்டிக் கொடுத்த அதே அன்பு அவர் முகத்தில் இருந்தது. “என்னம்மா?” என்று கேட்டார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உப்பு டப்பாவிலிருந்தா, அந்த இருட்டிலிருந்தா? அவளையும் அறியாமல் கை காதுக்குப் போனது, விரல்கள் தோட்டைப் பிடித்துக்கொண்டன.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பார்த்துவிட்டு, பேசாமல் கோட்டை மடித்தாள்.